தேர்வு நடத்துவதைத் தவிர பொதுப் பணி ஆணையத்துக்கு வேறு என்ன வேலை?

கேள்வி இது: "பொதுப் பணி ஆணையம் என்றால் தேர்வு நடத்தி ஆள் எடுப்பதுதானே? இன்றைக்குக் கணினி வழியில் தேர்வு நடத்தித் தர எத்தனையோ தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்புறம் எதற்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்து, தலைவர், உறுப்பினர் என்று போட்டு ஒரு ஆணையத்தை வைத்திருக்க வேண்டும்?"

நியாயமான கேள்விதான். ஆணையத்தின் வேலைகளில் நம் கண்ணில் படுவது தேர்வு மட்டுமே என்பதால் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் ஆணையங்கள் உருவானதற்குக் காரணம் வேறு. அரசு வேலையைக் கொடுக்கவும் பறிக்கவும் ஆட்சியில் இருப்பவருக்கு உள்ள அதிகாரத்தை அவர் கைக்குச் சற்று எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் மூல நோக்கம். அதற்கு வந்த கருவிகளில் ஒன்றுதான் தேர்வு.

முன்பு எப்படி இருந்தது என்று பார்த்தால் இது எளிதில் புரியும். கிழக்கிந்தியக் கம்பெனியில் சிவில் அதிகாரியாக வர வேண்டுமானால் கம்பெனி இயக்குநர் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். நியமன உரிமை இயக்குநர்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும் சொத்தாகவே இருந்தது. அப்படிப் பெயர் சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற ஊரில் ஒரு கல்லூரியும் நடந்தது. 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்த உரிமையைப் பிடுங்கிப் போட்டித் தேர்வுக்கு வழிவிட்டது. மெக்காலே தலைமையிலான குழு விதிகளை வகுத்தது. 1855இல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது.

அதே நேரத்தில் பிரிட்டன் தன் சொந்த நிர்வாகத்தையும் திருப்பிப் பார்த்தது. நார்த்கோட், டிரெவெல்யன் இருவரும் எழுதிய அறிக்கை 1854இல் வெளியாகி, 1855இல் சிவில் சர்வீஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆனால் துறைத் தலைவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயரைக் கொடுப்பதும், ஆணையம் அவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருவதும்தான் ஆரம்பத்தில் நடைமுறை. அதாவது தேர்வு வந்துவிட்டது, சிபாரிசு போகவில்லை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்ற திறந்த போட்டி பெரும்பாலான துறைகளுக்கு வர 1870 ஆகிவிட்டது. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இந்தப் பதினைந்து ஆண்டுகளிலேயே கிடைக்கிறது. எவ்வளவு நேர்மையாகத் தேர்வு நடத்தினாலும், யார் தேர்வு எழுதலாம் என்பதை ஆட்சியாளர் முடிவு செய்தால் அது பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு உயிரே போக வேண்டியிருந்தது. தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களுக்கு அரசு வேலைகளை வாரி வழங்குவது அங்கே வெளிப்படையான வழக்கம். 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டவர், பிரச்சாரத்துக்கு உழைத்ததற்குப் பதிலாகப் பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு ஏமாந்த ஒருவர். 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது, ஆணையமும் வந்தது. தொடக்கத்தில் கூட்டாட்சி அரசின் வேலைகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதன் கீழ் வந்தது. மீதி படிப்படியாகச் சேர்ந்தது.

சரி, ஆட்சியாளரின் கைக்கு எட்டாமல் ஒரு அமைப்பை எப்படிக் கட்டுவது? அதற்கு நல்ல உதாரணம் இந்திய அரசியலமைப்பின் 315 முதல் 323 வரையிலான பிரிவுகள். இங்கே ஆணையம் முதலில் வந்தது 1926 அக்டோபரில். இந்தியாவின் உயர் பணிகளை ஆராய அமைக்கப்பட்ட லீ ஆணையம் 1924இல் வற்புறுத்திச் சொன்ன பிறகே அது நடந்தது. மாகாண அளவில் முதலில் அமைத்துக்கொண்டது சென்னை மாகாணம், 1929இல். அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு எனவே கால் நூற்றாண்டு அனுபவம் கையில் இருந்தது. அந்த அனுபவம் பிரிவுகளில் தெரிகிறது.

உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குறைந்தது பத்து ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். பதவிக்காலம் ஆறு ஆண்டு. அதற்குள் மத்திய ஆணையத்தில் (யூபிஎஸ்சி) 65 வயதோ, மாநில ஆணையத்தில் 62 வயதோ ஆகிவிட்டால் அத்தோடு முடிந்தது. நியமித்த பிறகு சம்பளத்தையோ மற்ற நிபந்தனைகளையோ அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. ஆணையத்தின் செலவு, அரசின் வருவாயெல்லாம் சேரும் திரட்டு நிதியிலிருந்து நேரடியாக வரும். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ அதைப் பற்றி விவாதிக்கலாம், வாக்கெடுப்பில் வெட்ட முடியாது. மாநில ஆணைய உறுப்பினரை ஆளுநர் நியமிக்கிறார், ஆனால் ஆளுநரால் நீக்க முடியாது. தவறான நடத்தை என்று சொல்லி நீக்க வேண்டுமானால் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி, அது விசாரித்துச் சொன்ன பிறகே முடியும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிவு 319. மத்திய ஆணையத்தின் தலைவராக இருந்தவர் அதற்குப் பிறகு மத்திய, மாநில அரசுகளின் கீழ் எந்த வேலையும் ஏற்கக் கூடாது. மற்ற உறுப்பினர்களுக்கும் ஆணையங்களுக்குள் நகர்வதைத் தவிர வேறு அரசு வேலை கிடையாது. ஓய்வுக்குப் பின் கிடைக்கப்போகும் நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் இன்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் இதன் கருத்து. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ராஜஸ்தான் ஆணைய உறுப்பினராக இருந்த ஒருவர் பிறகு அதே மாநிலத்தின் ஆளுநரானபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆளுநர் பதவி அரசின் கீழான 'வேலை' ஆகாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரி. ஆனால் தடையின் நோக்கத்தை வைத்துப் பார்த்தால் இடிக்கத்தான் செய்கிறது.

இனி வேலைகளுக்கு வருவோம். பிரிவு 320இல் தேர்வு நடத்துவது ஒரே ஒரு உட்பிரிவு. நியமன முறைகள், நியமனத்துக்கும் பதவி உயர்வுக்குமான நெறிகள், ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, ஒழுங்கு நடவடிக்கை, கடமையைச் செய்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கில் அலுவலர் செய்த செலவு, பணியில் காயம்பட்டவரின் ஓய்வூதியம் என்று நீளும் பட்டியலில் எல்லாவற்றுக்கும் அரசு ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

பதவி உயர்வில் ஆணையத்தின் கை எங்கே படுகிறது என்பது வெளியில் அதிகம் தெரியாது. மாநில சிவில் பணியிலிருந்து ஐஏஎஸ்ஸுக்கு உயர்த்தும்போது தெரிவுக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் யூபிஎஸ்சி தலைவர் அல்லது உறுப்பினர். மாநில காவல் துறைத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தகுதியுள்ள மூத்த அதிகாரிகளில் மூன்று பேரை யூபிஎஸ்சி பட்டியலிட வேண்டும்; அதிலிருந்து ஒருவரை மாநில அரசு தேர்ந்தெடுக்க வேண்டும். 'எங்கள் டிஜிபியை நாங்கள் போடக் கூடாதா' என்று மாநிலங்கள் முறைத்துக்கொள்வதும், பொறுப்பு டிஜிபியை வைத்தே காலம் தள்ளுவதும் இதனால்தான். மாநில உரிமை என்ற கோணத்தில் அந்த எரிச்சலுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனாலும் ஆட்சி மாறினால் காவல் துறைத் தலைவரும் மாற வேண்டும் என்ற வழக்கத்துக்கு ஒரு கடிவாளமாவது இருக்கிறது.

ஒழுங்கு நடவடிக்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு அதிகாரி மேல் புகார். துறை குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கிறது, அவர் விளக்கம் எழுதுகிறார், விசாரணை அலுவலர் சாட்சிகளைக் கேட்டு அறிக்கை தருகிறார். அரசு 'இவரைப் பணிநீக்கம் செய்யலாம்' என்று உத்தேசமாக முடிவெடுக்கிறது. ஆணையத்தைக் கேட்க வேண்டிய வழக்கானால் மொத்தக் கோப்பும் அங்கே போகும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அதிகாரி யார் என்றே தெரியாது, அவருடைய மேலதிகாரியோடு சண்டையும் கிடையாது. ஆதாரம் குற்றச்சாட்டோடு பொருந்துகிறதா, தண்டனை அளவுக்கு மீறியதா என்று மட்டும் பார்த்துக் கருத்து எழுதுவார். அரசு அந்தக் கருத்தை நம்பித் தண்டிக்கப்போகிறது என்றால் அதன் நகலை முன்கூட்டியே அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பதில் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு. மேலிடத்தின் வாய்மொழி உத்தரவுக்கு 'எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்கும் துணிச்சல் ஒரு அலுவலருக்கு வருகிறதென்றால் அதற்கு இப்படியொரு மூன்றாம் கண் இருப்பதும் ஒரு காரணம். நுழைவுத் தேர்வு நேர்மையான ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். அவரை முப்பது ஆண்டுக்கு நேர்மையாக இருக்க விடுவது இந்தப் பகுதிதான்.

ஆனால் இந்திய ஆணையத்துக்கு ஒரு பெரிய பலவீனம்: அது சொல்வது ஆலோசனை மட்டுமே. அரசு ஏற்கத்தான் வேண்டும் என்று இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், ஆணையத்தைக் கேட்காமலே நடவடிக்கை எடுத்தாலும் அந்த ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது என்று மன்போதன் லால் வழக்கில் 1957இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவிர, எந்தெந்தப் பதவிகளுக்குக் கேட்க வேண்டியதில்லை என்று விதி போட்டு விலக்கிக்கொள்ளும் அதிகாரமும் அரசிடம் இருக்கிறது.

அப்படியானால் என்ன பயன்? பிரிவு 323இல் விடை இருக்கிறது. ஆணையம் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். அதை நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கும்போது, ஆணையத்தின் ஆலோசனையை எந்தெந்த விஷயத்தில் ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று அரசு ஒரு குறிப்பு இணைக்க வேண்டும். மீறலாம், ஆனால் மீறியதை எழுதிக் கையெழுத்திட்டு எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். கேட்க அற்பமாக இருக்கலாம். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பல காரியங்கள் நடக்காமலே போகும் என்பது கோப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும். வருத்தம் என்னவென்றால், இந்த அறிக்கைகளைச் சட்டமன்ற உறுப்பினர்களும் பத்திரிகைகளும் சீண்டுவதே அபூர்வம்.

ஆலோசனைக்குப் பதில் நேரடி அதிகாரமே கொடுத்தால் என்ன ஆகும்? இலங்கையைப் பாருங்கள். சோல்பரி அரசியலமைப்பு 1947இல் அங்கே ஒரு பொதுச் சேவை ஆணைக்குழுவைத் தந்தது. 1972 அரசியலமைப்பு அதை ஒழித்து நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் கொடுத்தது. 1978இல் ஆணைக்குழு திரும்பி வந்தது, ஆனால் அமைச்சரவையின் நிழலில். 2001இல் 17ஆவது திருத்தம் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம் எல்லாவற்றையும் ஆணைக்குழுவிடமே ஒப்படைத்தது. திணைக்களத் (அரசுத் துறை) தலைவர்கள் மட்டும் அமைச்சரவை வசம். உறுப்பினர்களை அரசியலமைப்புப் பேரவை என்ற தனி அமைப்பு பரிந்துரைக்க, ஜனாதிபதி நியமிப்பார். காகிதத்தில் பார்த்தால் இந்தியாவைவிடப் பலமான ஏற்பாடு.

நடந்தது வேறு. பேரவையின் காலம் 2005இல் முடிந்தபோது அதை மீண்டும் அமைக்காமல் விட்டார்கள். பேரவை இல்லையே என்று சொல்லி ஜனாதிபதி நேரடியாக உறுப்பினர்களை நியமித்தார். 2010இல் 18ஆவது திருத்தம் பேரவையையே நீக்கியது. 2015இல் 19ஆவது திருப்பிக் கொண்டுவந்தது, 2020இல் 20ஆவது மறுபடி எடுத்தது, 2022இல் 21ஆவது மறுபடி தந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஊஞ்சல். ஆணைக்குழுவின் அதிகாரப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைவிட, அதில் உட்காருபவரை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதே முக்கியம் என்று இதைவிடத் தெளிவாக எந்த நாடும் காட்டியதில்லை.

இந்தியாவிலும் உறுப்பினர் நியமனம்தான் மெலிந்த இடம். பாதிப் பேர் அரசு அனுபவம் உள்ளவர்கள் என்பது தவிர வேறு தகுதி எதையும் அரசியலமைப்பு சொல்லவில்லை. தேடல் குழுவும் கிடையாது. பஞ்சாப் ஆணையத் தலைவர் நியமனம் 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. 2016 டிசம்பரில் தமிழ்நாட்டு ஆணையமான டிஎன்பிஎஸ்சியின் பதினொரு உறுப்பினர் நியமனத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருவரின் நேர்மையையும் தகுதியையும் முறையாக ஆராயாமல் போட்டால் செல்லாது என்பதுதான் இவற்றின் சாரம். நீதிமன்றம் போய்ச் சரிசெய்ய வேண்டிய நிலைமை வருவதே கோளாறுதான்.

இப்போது தேர்வைப் பற்றி. இதில் இரண்டே விஷயம் சொல்கிறேன். முதலாவது, நேர்முகத் தேர்வின் எடை. எழுத்துத் தேர்வில் பெயர் தெரியாது. நேர்முகத்தில் முகம் தெரியும், அப்பா பெயரும் தெரியும். அரியானா ஆணையம் பொதுப் பிரிவினருக்கு மொத்த மதிப்பெண்ணில் 22.2 சதவீதம், முன்னாள் படைவீரர்களுக்கு 33.3 சதவீதம் நேர்முகத்துக்கு ஒதுக்கியிருந்தது. இது அதிகம், தன்னிச்சைக்கு வழிவிடும் என்று 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யூபிஎஸ்சியின் சிவில் சர்வீஸ் தேர்வில் இன்று மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத்துக்கு, அதாவது 13.6 சதவீதம்.

இரண்டாவது, விடைத்தாள். 2019 செப்டம்பரில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முன்னணி இடங்களை அள்ளியதும் சந்தேகம் வந்தது. சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடை குறித்துவிட்டு வந்திருக்கிறார்கள். விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் இடைத்தரகர்கள் சரியான விடைகளை நிரப்பியிருக்கிறார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதன் பிறகு வந்த மாற்றத்தைக் கவனியுங்கள். விடை தெரியாவிட்டால் 'இ' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும். கடைசியில் எத்தனை ஏ, எத்தனை பி என்று எண்ணி அதையும் எழுத வேண்டும். தேர்வர்கள் 'இது என்ன தொல்லை' என்று சலித்துக்கொள்ளும் அந்த எண்ணிக்கைக் கட்டத்தின் வேலை ஒன்றுதான்: காலியாக விட்ட இடம் என்று ஒன்று இருக்கக் கூடாது, பின்னால் யாரும் நிரப்ப முடியக் கூடாது.

ஆணையத்தின் மேல் போடப்படும் பழிகளில் ஒன்று அதற்குச் சேராதது. 'காலியிடம் ஏன் இவ்வளவு குறைவு, ஏன் மூன்று ஆண்டாக அறிவிப்பே இல்லை' என்று கேட்கிறார்கள். பதவியை உருவாக்குவதும், எத்தனை இடம் நிரப்பலாம் என்று சொல்வதும், இடஒதுக்கீட்டை எப்படி அமைப்பது என்பதும் அரசின் வேலை. 2024 ஆகஸ்டில் பக்கவாட்டு நுழைவு, அதாவது வெளியே இருக்கும் நிபுணர்களை நேரடியாக உயர் பதவிகளில் அமர்த்தும் வழியில் 45 பதவிகளுக்கு யூபிஎஸ்சி விளம்பரம் கொடுத்தது. இடஒதுக்கீடு இல்லை என்று எதிர்ப்பு கிளம்ப, அரசு கேட்டுக்கொண்டபடி சில நாட்களிலேயே விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. கொடுக்கச் சொன்னதும் அரசு, எடுக்கச் சொன்னதும் அரசு. அதேசமயம் முடிவுகளை மாதக்கணக்கில் இழுப்பதும், விடைக்குறிப்பில் தவறு செய்து வழக்கில் மாட்டுவதும் ஆணையங்களே தேடிக்கொள்வது. அதற்கு அரசைக் குறை சொல்ல முடியாது.

அரசுகள் ஆணையத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழி இப்போது வேறு. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் தற்காலிகம், ஒப்பந்தம், தொகுப்பூதியம், வெளிமுகமை என்று ஆள் எடுப்பது. இதில் ஆணையத்துக்கு இடமே இல்லை. பத்து ஆண்டு கழித்து அவர்கள் நிரந்தரம் கேட்பார்கள், கேட்பதில் மனித நியாயமும் இருக்கும். உமாதேவி வழக்கில் 2006இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, போட்டி இல்லாமல் வந்தவர்களை நிரந்தரமாக்குவது வெளியே காத்திருப்பவர்களின் சமவாய்ப்பைப் பறிப்பது என்று சொல்லிக் கதவை அடைத்தது; பத்து ஆண்டுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்கு தந்தது. வாசல் அடைத்தாலும் பழக்கம் நிற்கவில்லை. என் பார்வையில், ஆணையங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது வினாத்தாள் கசிவைவிட இந்த ஒப்பந்த நியமனங்கள்தான். ஆணையம் முழுப் பாதுகாப்போடு இருக்கும், ஆனால் அது நிரப்ப வேண்டிய நாற்காலிகள் குறைந்துகொண்டே போகும்.

எல்லாவற்றையும் ஆணையமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன்னோடியான பிரிட்டனிலேயே 1991 முதல் பெரும்பாலான ஆள்சேர்ப்பைத் துறைகளே செய்கின்றன. ஆணையம் விதிகளை வகுத்துத் தணிக்கை செய்கிறது, உயர் பதவித் தெரிவுகளில் நேரடியாக இருக்கிறது. சிங்கப்பூர் 1995இல் நியமனத்தையும் பதவி உயர்வையும் பெருமளவு பணியாளர் குழுக்களிடம் விட்டது. நியூசிலாந்தில் 1988 முதல் துறைத் தலைவர்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே எடுக்கிறார்கள். அந்தத் தலைவர்களை நியமிக்கும் நடைமுறைதான் ஆணையரிடம் இருக்கிறது. வேகமும் துறைக்கேற்ற திறமையும் கிடைக்கின்றன. ஆனால் இந்த நாடுகள் மையப் போட்டியில் பல பத்தாண்டு பழகிய பிறகே பிடியைத் தளர்த்தின. சிபாரிசுக் கடிதம் இன்னும் வேலை செய்யும் இடத்தில் அதே பரவலாக்கத்தைச் செய்தால், ஒவ்வொரு துறையும் ஒரு சின்ன ஹெய்லிபரி ஆகிவிடும்.

தனியார் நிறுவனக் கேள்விக்கு வருகிறேன். கணினி வழித் தேர்வுக்கு மையம் ஏற்பாடு செய்வது, விடைத்தாளை ஸ்கேன் செய்வது போன்றவற்றை வெளியே கொடுக்கலாம்; கேள்விக்கும் மதிப்பெண்ணுக்கும் பொறுப்பு ஆணையத்திடம் இருந்தால் போதும். ஆனால் ஒரு துறைச் செயலர் 'இந்த அதிகாரியை நீக்க வேண்டும்' என்று கோப்பு அனுப்பும்போது 'ஆதாரம் போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்ப ஒப்பந்தக்காரரால் முடியாது. அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவர் அந்தச் செயலராகவே இருப்பார்.